நம் ஊர்க் கல்லைப் படித்த அயல்நாட்டார்
(பெர்டினாண்டு ஸ்டோலிச்கா, 1838 – 1874)



கோனான்குப்பம் பெரியநாயகி அன்னையின் ஆலயத்தை நம்மில் அறியாதவர் இரார். விருத்தாசலம் பக்கம் அமைந்த அந்த ஆலயத்தை எழுப்பியவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் என்பதையும், அவர் தமிழைக் கற்றுத் 'தேம்பாவணி' பாடினார் என்பதையும் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். அயல்நாட்டிலிருந்து வந்து நம் மொழியைப் படித்தவர் அவர். அதுபோல, அயல்நாட்டிலிருந்து வந்து நம் பக்கத்துக் கற்களைப் படித்தவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றி நம் பாடநூலில் ஒரு வரியும் இல்லை. அவருடைய பெயர் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா. அவரை நான் அறிந்துகொண்டதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயா வீட்டுக் கல்

என் ஆயாவின் ஊர் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அவர் வீட்டில் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார். தோசைக்கல்லில் பாதி அகலம் இருக்கும். செக்கிழுக்கும் மாட்டின் தடம்போல உள்ளுக்குள் சுருண்டு சுருண்டு போகும் வரிகள் அதில் இருந்தன. "உங்க தாத்தா கெணறு வெட்டறப்ப எடுத்தாந்தது. சக்கரக்கல்லுன்னு சொல்லுவாரு" என்பார் ஆயா.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, கோடை விடுமுறையில், என் சித்தப்பா பிள்ளைகளோடு சேர்ந்து புளியம்பழம் அடிக்க அந்தக் கல்லைத் தூக்கி எறிந்தேன். அது பாறையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. ஆயா என்னைத் திட்டவில்லை. இரண்டு துண்டுகளையும் எடுத்துத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டார். அது எனக்குத் திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

சென்ற ஆண்டு எங்கள் அறிவியல் சிஸ்டர் புதைபடிவங்கள் பற்றிப் பாடம் நடத்தியபோது, அவர் கரும்பலகையில் வரைந்த படம் அந்தக் கல்லைப் போலவே இருந்தது. விடுமுறையில் ஆயாவிடம் கேட்டு இரண்டு துண்டுகளையும் கொண்டுவந்து காட்டினேன். சிஸ்டர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளந்த பக்கத்தில் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருந்தன. "இது அம்மோனைட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்" என்றார். பின்பு, "எந்தக் கிணற்றில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தாத்தா காலமாகிவிட்டார். ஆயாவுக்கும் நினைவில்லை. "சரி, ஸ்டோலிச்காவைப் பற்றிப் படித்துக்கொண்டு வா, நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று உனக்கே விளங்கும்" என்றார் சிஸ்டர். அப்படிப் படித்ததே இக்கட்டுரை.

காட்டுக் காவலரின் மகன்

இன்றைய செக் நாட்டில் மொராவியா என்னும் பகுதி உள்ளது. அக்காலத்தில் அது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே குரோமியெரீஷ் என்னும் ஊருக்கு அருகில் 1838-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் ஸ்டோலிச்கா பிறந்தார். அவருடைய தந்தை ஓலொமோட்ஸ் பேராயருக்குச் சொந்தமான காடுகளில் வனக்காவல் பணி புரிந்தவர். காட்டின் நடுவே வளர்ந்த சிறுவனுக்கு மரமும் பறவையும் பூச்சியும் விளையாட்டுத் தோழர்களாக இருந்ததில் வியப்பென்ன?

பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியல் விதிகளைக் கண்ட துறவி கிரிகோர் மெண்டலை நாம் பாடத்தில் படிக்கிறோம். அவர் ஆய்வு செய்த பிரனோ நகரமும் இதே மொராவியாவில்தான் இருக்கிறது. மெண்டல் தம் மடத்துத் தோட்டத்தில் செடிகளை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஸ்டோலிச்கா வியன்னா நகரில் பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே எடுவார்டு சூஸ் என்னும் புகழ்பெற்ற புவியியல் அறிஞர் அவருக்கு ஆசிரியராக இருந்தார். 1861-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஆஸ்திரியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியில் சேர்ந்தார்.

அப்பொழுது கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-இல் தொடங்கப்பெற்று நடந்து வந்தது. அதன் தலைவர் தாமஸ் ஓல்டாம், புதைபடிவங்களை ஆராயத் தகுந்த ஓர் இளைஞரைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டோலிச்காவுக்கு அழைப்பு வந்தது. 1862-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 24. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான். எனவே தாய்நாட்டை விட்டு இத்தனை தூரம் வருவது இன்று விமானம் ஏறுவது போன்ற எளிய செயல் அன்று. வந்த பிறகு எழுத வேண்டியதோ தம் தாய்மொழி அல்லாத ஆங்கிலத்தில்!

நம் பக்கத்தில் இருந்த கடல்

அவருக்காகக் கல்கத்தாவில் காத்திருந்தவை நம் பக்கத்துக் கற்கள். அவை எப்படி அங்கே போயின என்பதைச் சிறிது பார்ப்போம்.

புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில் சிப்பியும் சங்கும் பதிந்த கற்கள் நிலத்தில் கிடப்பதை, சென்னை அரசில் பணியாற்றிய கேய் என்பவரும் கன்லிப் என்பவரும் கவனித்துத் திரட்டினார்கள். அக்கற்களை இலண்டனில் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1846-இல் எழுதினார். பிறகு ஹென்றி பிளான்போர்டு என்பவர் புவியியல் ஆய்வுத் துறையின் சார்பில் தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் பாறைகளை அளந்து ஆராய்ந்தார். அவர் அப்பாறை அடுக்குகளை மூன்றாகப் பிரித்து, கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்ப் பிரிவு, திருச்சிராப்பள்ளிப் பிரிவு, அரியலூர்ப் பிரிவு என்று பெயரிட்டார். பஸ் பலகையில் நாம் காணும் ஊர்ப் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்றது இவ்வாறே.

இக்கற்கள் கிரீடேஷியஸ் என்னும் காலத்தைச் சேர்ந்தவை. அக்காலம் சுமார் 14 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. இந்தியா தென் கண்டங்களிலிருந்து பிரிந்து நகர்ந்து கொண்டிருந்த அந்நாளில், கடல் இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் வரை உள்ளே வந்து நின்றது. அக்கடலில் வாழ்ந்த உயிர்கள் இறந்து சேற்றில் புதைந்தன. சேறு இறுகிப் பாறையாயிற்று, ஓடுகள் கல்லாயின. இன்று அரியலூரில் சிமெண்டு செய்யத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லும் அக்கடல் தந்த சொத்தே. நம் வீட்டுச் சுவரில் பழைய கடற்சிப்பிகளின் தூள் கலந்திருக்கிறது என்றால் மிகையாகாது.

அம்மோனைட் என்பது பார்வைக்கு நத்தை போன்றது. ஆனால் நத்தை இனம் அன்று. கடலூரிலிருந்து மீன்காரம்மா கூடையில் கொண்டுவரும் கணவாய்க்கு அது உறவு. சுருண்ட ஓட்டின் கடைசி அறையில் உயிர் குடியிருக்கும்; மற்ற அறைகளில் காற்று நிறைந்திருக்கும். அதனால் அது நீரில் மிதக்க முடிந்தது. நான் உடைத்த கல்லில் தெரிந்த சிற்றறைகள் அவையே. கிரீடேஷியஸ் காலம் முடிந்தபோது, டைனோசார்கள் அழிந்ததுபோலவே அம்மோனைட்டுகளும் உலகெங்கும் அழிந்து போயின.

நான்கு பெருந்தொகுதிகள்

பிளான்போர்டு தொடங்கிவைத்த புதைபடிவ ஆராய்ச்சியை ஸ்டோலிச்கா ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு கல்லாக எடுத்து, வரிகளை எண்ணி, அளந்து, படம் வரையச் செய்து, ஐரோப்பாவில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டு எழுதினார். கணவாய்க்கு உறவான அம்மோனைட்டுகள் முதல் தொகுதி. நத்தை, சங்கு இனங்கள் இரண்டாம் தொகுதி. இரட்டை ஓட்டுச் சிப்பிகள் மூன்றாம் தொகுதி. கடல் முள்ளெலி, பவளம் முதலியன நான்காம் தொகுதி. இவ்வாறு 'பாலியண்டாலஜியா இண்டிகா' என்னும் வரிசையில், 1873-க்குள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட படத்தாள்களும் கொண்ட நான்கு தொகுதிகளை நிறைவு செய்தார். இன்றும் தென்னிந்தியப் புதைபடிவங்களை ஆராய்பவர் எவராயினும் அந்த நூல்களைத் திறக்காமல் இருக்க முடியாது. ஓர் அம்மோனைட் இனத்துக்கு அவர் 'அரியலூரென்சிஸ்' என்று பெயரிட்டார். 'அரியலூரைச் சேர்ந்தது' என்பது அதன் பொருள்.

இதனால் என்ன பயன் என்று சில தோழியர் கேட்கலாம். ஒரே வகை அம்மோனைட் ஐரோப்பாவிலும் ஊட்டத்தூரிலும் கிடைத்தால், அந்த இரண்டு அடுக்குகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்று அறியலாம். கல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது அதனுள் இருக்கும் உயிரே. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுவோரும், துளையிட்டு எடுக்கும் மண்ணில் உள்ள நுண்ணிய ஓடுகளைப் பார்த்தே எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று கண்டுகொள்கிறார்கள்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கல் எந்த ஊரில், எந்த அடுக்கில் எடுக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்டோலிச்காவின் நூலில் ஒவ்வோர் இனத்துக்கும் அது கிடைத்த ஊரின் பெயர் குறிக்கப்பட்டுள்ளது. கல்கத்தாவில் மேசையருகே அமர்ந்து அவரால் நம் நிலத்தைப் படிக்க முடிந்ததற்குக் காரணம், கல்லோடு சேர்ந்து சென்ற அந்தச் சிறு குறிப்புகளே. சிஸ்டர் என்னைக் கேட்ட கேள்வி அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. என் கல் உடைந்ததால் ஊமையாகவில்லை. எந்தக் கிணறு என்று தாத்தாவிடம் யாரும் கேட்காமல் விட்டதால் ஊமையாயிற்று.

பறவை, பாம்பு, இமயம்

ஸ்டோலிச்கா கல்லோடு நின்றவர் அல்லர். நத்தை, சிலந்தி, பல்லி, பாம்பு, பறவை எல்லாவற்றையும் ஆராய்ந்தார். அந்தமான், நிக்கோபார், பர்மா, மலேயா ஆகிய இடங்களுக்கும் சென்றார். கல்கத்தாவில் 1784-இல் வில்லியம் ஜோன்ஸ் தொடங்கிய ஆசியக் கழகத்தில் இயற்கை அறிவியல் செயலாளராகப் பணியாற்றினார். கட்சு பாலைநிலத்தில் பணி புரிந்த காலத்தில் அவர் கண்டு, 1872-இல் விவரித்த சிறு பறவை ஒன்று இன்றும் 'ஸ்டோலிச்காவின் புதர்ச்சிட்டு' என்றே அழைக்கப்படுகிறது. இராசத்தான், குசராத்து வறண்ட நிலங்களில் வாழும் அப்பறவை இப்பொழுது அருகி வருகிறது.

1864-இலும் 1865-இலும் அவர் இமயமலையில் ஸ்பித்திப் பள்ளத்தாக்கை ஆராய்ந்தார். அங்கும் பாறைகளில் அம்மோனைட்டுகள்! என் கல்லைக் கண்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "சாளக்கிராமம் மாதிரி இருக்குதே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் இருப்பவையும் அம்மோனைட்டுகளே. கடலடியில் கிடந்த நிலம் உயர்ந்து பனிமலையாயிற்று என்பதற்கு அவை சாட்சி. படைப்பின் பெருமையை எண்ணும்போது தலை தானே தாழ்கிறது.

கடைசிப் பயணம்

1873-இல், தாமஸ் டக்ளஸ் போர்சைத் என்பவரின் தலைமையில் மத்திய ஆசியாவின் யார்க்கந்து, காஷ்கர் நகரங்களுக்கு ஒரு தூதுக்குழு புறப்பட்டது. அதில் இயற்கை அறிஞராக ஸ்டோலிச்கா சேர்க்கப்பட்டார். இமயப் பயணங்களில் அவருடைய உடல்நலம் முன்பே குன்றியிருந்தது. ஆயினும் புறப்பட்டார். இலடாக்கைக் கடந்து, காஷ்கர் சென்று, பாமீர்ப் பீடபூமியையும் கண்டார். வழி நெடுகப் பாறைகளைக் குறித்தார். பறவைகளையும் விலங்குகளையும் சேகரித்தார்.

1874 ஜூன் மாதத்தில் குழுவினர் திரும்பி வரும்போது காரகோரம் கணவாயைக் கடந்தனர். அதன் உயரம் ஏறத்தாழ 5,500 மீட்டர். அவ்வுயரத்தில் நாம் ஒரு மூச்சில் பெறும் பிராணவாயு, கடற்கரையில் பெறுவதில் பாதியளவே. தலைவலியும் மூச்சுத்திணறலும் அவரை வாட்டின. அந்த நிலையிலும் பாறைகளைக் குறித்து நாட்குறிப்பு எழுதுவதை அவர் விடவில்லை. ஜூன் 19-ஆம் நாள், மூர்கோ என்னும் இடத்தில், 36 வயதில் உயிர் நீத்தார். அவர் உடல் லே நகரில் அடக்கம் செய்யப்பட்டது. இந்திய அரசு அங்கே எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. அவர் சேகரித்தவற்றையும் எழுதிய குறிப்புகளையும் கொண்டு பல அறிஞர்கள் எழுதிய நூல்கள் 1878 முதல் பல பகுதிகளாக வெளிவந்தன.

வகுப்பில் எழுந்த விவாதம்

இந்த வரலாற்றை நான் வகுப்பில் படித்தபோது, சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்: "உடல்நலம் இல்லாதவர் அந்தப் பயணம் போனது சரியா?" வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கடமைக்காக உயிரைக் கொடுத்த தியாகி என்று பாதிப் பேர் கூறினர். உயிரோடு இருந்திருந்தால் இன்னும் முப்பது ஆண்டுகள் எழுதியிருப்பாரே என்று மற்றப் பாதிப் பேர் கூறினர்.

என் அப்பா சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தில் வேலை செய்கிறார். காய்ச்சலோடு அவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று தடுப்பார். "மெஷினு நின்னுடக் கூடாது" என்பார் அப்பா. "நீங்க நின்னுடக் கூடாது" என்பார் அம்மா. ஸ்டோலிச்காவைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்கிறது. அவருடைய உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் தூதுக்குழுவில் ஒருவராவது அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கக் கூடாதா என்றும் ஏங்குகிறேன். இரண்டும் என் மனத்தில் இருக்கின்றன. இதில் எது சரி என்று சிஸ்டரும் முடிவு சொல்லவில்லை.

நாம் செய்யக்கூடியது

தோழியரே! நாம் வாழும் நிலமும் ஒரு புத்தகமே. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தம் நிலத்தில் துளையிட்டபோது கரிய பொருள் வெளிவந்தது. அவர் அதை வெறும் சேறு என்று ஒதுக்கியிருந்தால்? அவர் கவனித்தார், அரசுக்குச் சொன்னார். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. பழங்காலக் காட்டின் மரங்களே அந்தக் கரி. அரியலூரில் பழைய கடல். நெய்வேலியில் பழைய காடு. இரண்டுக்கும் இடையே கம்மாபுரத்தில் நாம் பள்ளிக்கு நடந்து போகிறோம்!

ஆகவே மூன்று செயல்களை நாம் கைக்கொள்ளலாம். முதலாவது, கிணறு தோண்டும்போதோ, ஏரி தூர் வாரும்போதோ விந்தையான கல் கிடைத்தால் உடைக்காமல், விற்காமல், ஆசிரியரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது, எந்த ஊர், எந்த இடம், எத்தனை அடி ஆழம், எந்த நாள் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வைக்க வேண்டும். மூன்றாவது, வாய்ப்புக் கிடைத்தால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் நீளக் கல்மரத்தையும், திருவக்கரையில் உள்ள கல்மரப் பூங்காவையும் சென்று காண வேண்டும். சாத்தனூர்க் கல்மரத்தை 1940-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் நம் நாட்டுப் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் என்பது நமக்குப் பெருமை.

என் கல்லின் இரண்டு துண்டுகளும் இப்பொழுது எங்கள் பள்ளி ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கின்றன. ஆயாதான் கொடுக்கச் சொன்னார். "ஒடஞ்சது ஒடஞ்சி போச்சி. நாலு பிள்ளைங்க பாக்கட்டும்" என்றார். அதன் சீட்டை நானே எழுதினேன்:

"அம்மோனைட். அரியலூர்ப் பக்கம், என் ஆயாவின் ஊர். என் தாத்தா கிணறு வெட்டியபோது எடுத்தது. எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம் என்று தெரியாது. ஏழாம் வகுப்பில் நான் உடைத்தேன்."

தெரிந்ததை எழுதினேன், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதினேன். ஸ்டோலிச்கா அதைப் பார்த்தால், 'இன்னும் கொஞ்சம் விசாரித்துப் பார், பெண்ணே' என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த விடுமுறையில் ஊரில் உள்ள வயதான கிணறு வெட்டுக்காரர்களிடம் கேட்கப் போகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு